பாங்காக் பைக்குள் பாம்பு, குரங்கு... நோய் வந்தால் முதல் பலி 'குருவி'தான்!

சென்னை: ஏர்போர்ட்டில் தங்கம் மட்டுமா பிடிபடுது? 2022 ஆகஸ்டில் பாங்காக்கில் இருந்து சென்னை வந்த பயணி ஒருவரின் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிகளுக்கு ஷாக்! உள்ளே ஒரு குரங்கு, 15 கிங் ஸ்நேக் பாம்புகள், 5 மலைப்பாம்புகள், 2 ஆமைகள்.

அதற்கு முன், அதே ஆண்டு ஜூனில், சென்னைக்குக் கிளம்பிய இரண்டு இந்தியப் பெண்கள் பாங்காக் ஏர்போர்ட்டிலேயே மாட்டினர். அவர்கள் சூட்கேஸ்களில் இருந்தது 109 உயிருள்ள பிராணிகள்!

பிராணிகளைத் திருப்பி அனுப்பி, வழக்கு போட்டதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால், அந்தப் பைக்குள் பிராணியோடு நோயும் வந்திருந்தால்?

கழுகுக்குள் காய்ச்சல்

2004 அக்டோபரில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் ஏர்போர்ட்டில் இது நிஜமாகவே நடந்தது. பாங்காக்கில் இருந்து வந்தவரின் கைப்பையில் இரண்டு கழுகுகள். பார்க்க நல்லாத்தான் இருந்தன. சோதித்தால், ஆளைக் கொல்லும் எச்5என்1 பறவைக் காய்ச்சல்! அங்கேயே சிக்கியதால் ஊருக்குள் பரவாமல் தப்பியது.

2003-ல் அமெரிக்கா தப்பவில்லை. கானா நாட்டில் இருந்து செல்லப்பிராணி வியாபாரத்துக்கு வந்த எலிகளோடு குரங்கு அம்மையும் வந்து இறங்கியது. அதே இடத்தில் விற்பனைக்கு இருந்த அணில் வகைப் பிராணிகளுக்கு ஒட்டிக்கொண்டது. அதை ஆசையாக வாங்கியவர்களையும் சேர்த்து 47 பேருக்கு நோய். உயிர்ச்சேதம் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

விசாரித்தால், வந்த எலிகளில் பல எங்கே விற்கப்பட்டது என்றே தெரியவில்லை. காரணம், சரியான கணக்கு இல்லை!

சட்டம் என்ன சொல்லுது?

அந்தக் கணக்கைத்தான் நம்ம ஊர் சட்டம் இப்போ கேட்கிறது. திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சர்வதேசப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர், 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யணும். குட்டி போட்டாலும் செத்தாலும் சொல்லணும். இதற்கான விதிகள் 2024-ல் வந்தன.

முறைப்படி இறக்குமதி செய்தால் சுகாதார அனுமதி, சோதனை, தனியே வைத்துக் கண்காணிப்பு எல்லாம் உண்டு. பைக்குள் வரும் பிராணிக்கு இது எதுவுமே கிடையாது. ஓட்டை இங்கேதான். ஒழுங்காக வந்தவனுக்குத்தான் சோதனை. திருட்டுத்தனமாக வந்தவன் நேராக வீட்டுக்குள்!

மாட்டுவது யார்?

கடத்தல் பெட்டியைத் தூக்கி வருபவர்களுக்கு 'குருவி' என்று பெயர். டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் கொடுத்தால் போதும், உள்ளே என்ன இருக்குன்னு கேட்காமல் தூக்கி வருபவர்களும் உண்டு. மூச்சுத் திணறி, பட்டினி கிடந்து, எச்சத்திலேயே புரளும் பிராணிகளிடம் கிருமி வேகமாகப் பரவும். அதை முதலில் தொடுவது குருவி. அடுத்து கூண்டு கழுவும் கடைப் பையன். ஆர்டர் கொடுத்த பணக்காரர் கைக்கு அது வருவது கடைசியில்தான்! ஜெயிலும் ஏழைக்கு, காய்ச்சலும் ஏழைக்கு.

குருவியைப் பிடிப்பதோடு நிற்காமல், பையைக் கொடுத்தவரையும் வாங்குபவரையும் வளைத்தால்தான் இந்த வியாபாரம் அடங்கும். பிராணியைத் தொட்டவர்களைக் கொஞ்ச நாள் மருத்துவக் கண்காணிப்பில் வைப்பதும் அவசியம்.

வாசகர்கள் செய்ய வேண்டியது சிம்பிள். பேப்பர் இல்லாத வெளிநாட்டுப் பிராணியை வாங்காதீங்க. நம்ம பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம்தான். கூண்டைச் சுத்தம் செய்தால் முகத்தை மூடிக்கொண்டு செய்யுங்க. காய்ந்த எச்சத் தூசியாலும் கிளிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போனால், "வீட்டில் பறவை இருக்கு" என்று மறக்காமல் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்!