உற்பத்தி நின்றுபோன டஸ்டர்: செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா, வேண்டாமா?

பழைய கார் விற்கும் எந்த ஆப்பைத் திறந்தாலும் ரெனோ டஸ்டர் கண்ணில் படாமல் இருக்காது. பெரிய டயர், உயரமான சீட், ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சை விழுங்கிக்கொள்ளும் 475 லிட்டர் டிக்கி. விலையோ புது ஹேட்ச்பேக் காரைவிடக் குறைவு. அதே வருட ஹூண்டாய் கிரெட்டாவோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. முட்டிவலி உள்ள அப்பா அம்மாவை ஏற்றி இறக்கச் சிரமப்படும் வீட்டில் இந்த விளம்பரம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும். அடுத்த நிமிடமே சித்தப்பாவிடமிருந்து பதில் வரும்: "கம்பெனிக்காரனே நிறுத்திட்ட வண்டிய வாங்கி என்னடா பண்ணப்போற?"

சித்தப்பா கேட்பது நியாயமான கேள்வி. பயந்து ஒதுக்கவும் வேண்டாம், அலட்சியமாகத் தட்டிவிடவும் வேண்டாம்.

டஸ்டர் வேறு எங்கோ தயாராகி வந்த வண்டி அல்ல. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஆலையில்தான் உருவானது. 2012 ஜூலையில் 7.19 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் அறிமுகமானபோது, அந்த விலைக்கு அப்படியொரு எஸ்.யு.வி. சந்தையில் இல்லை. 2015-ல் கிரெட்டா வந்த பிறகு நிலைமை மாறியது. உள்ளே வசதிகளை எதிர்பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். வெளிநாட்டில் அடுத்த தலைமுறை டஸ்டர் வந்துவிட்ட பிறகும் இந்தியாவில் பழைய உடம்புக்கே புது முகம் மாட்டி ஓட்டினார்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் ரெனோ டீசலைக் கைவிட்டது. டஸ்டரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் டீசலுக்காக வந்தவர்கள் என்பதால் அடி பலமாக விழுந்தது. 2022 தொடக்கத்தில் கதை முடிந்தது.

ஆக, டஸ்டர் நின்றது வண்டி மோசம் என்பதால் அல்ல. வாங்குபவருக்கு முக்கியமான இன்னொரு விஷயமும் உண்டு. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியையே மூடியது. ரெனோ அப்படிச் செய்யவில்லை. ஒரகடம் ஆலையில் நிஸானிடம் இருந்த பங்கையும் 2025-ல் வாங்கிக்கொண்டது. க்விட், ட்ரைபர், கைகர் விற்கும் ஷோரூம்களும் சர்வீஸ் சென்டர்களும் இயங்குகின்றன. நின்றுபோனது ஒரு மாடல்தான், கம்பெனி ஊரைவிட்டுப் போகவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

இன்ஜினைப் பொறுத்தவரை பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. டஸ்டரின் 1,461 சிசி டீசல் இன்ஜின் அதற்கு மட்டும் செய்ததல்ல. நிஸான் சன்னி, மைக்ரா, டெரானோ, ரெனோ லாட்ஜி, ஃப்ளூயன்ஸ், கேப்ச்சர் என ஒரு பெரிய குடும்பமே அதே இன்ஜினில் ஓடியது. ஃபில்டர், பெல்ட், பிரேக் பேடு, கிளட்ச் போன்றவற்றைக் கம்பெனி ஒரிஜினலாகவும் வாங்கலாம், வெளிக்கம்பெனித் தயாரிப்பாகவும் வாங்கலாம். ரெனோவில் பழகிய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

சிக்கல் வெளி உடம்பில்தான். ஹெட்லைட், பம்பர், கிரில், டெயில்லேம்ப் எல்லாம் 2012 வண்டிக்கு ஒன்று, 2016 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு ஒன்று, 2019-க்கு ஒன்று. ஒரு சின்ன இடியில் ஹெட்லைட் உடைந்தால் இன்ஷூரன்ஸ் பணம் தரும், பொருள் வர வேண்டுமே! டிங்கரிங் கடையில் வண்டி நாள்கணக்கில் நிற்கும் வாய்ப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வண்டிக்குள் இறங்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் போன் போட்டுத்தான் தேட வேண்டும். அதே பெயரில் ரெனோ கொண்டுவரும் புதுத் தலைமுறை டஸ்டரின் பாகங்கள் பழசுக்கு உதவும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அது முற்றிலும் வேறு பிளாட்ஃபார்ம்.

அதனால் பார்க்கும் வண்டியில் பம்பரும் லைட்டும் கீறலில்லாமல் இருந்தால், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதுகூட லாபம்தான். வழக்கமாக மெக்கானிக்குகள் "பாடி கிடக்கட்டும் சார், இன்ஜினப் பாருங்க" என்பார்கள். இந்த வண்டிக்கு அந்த அறிவுரை பாதிதான் பொருந்தும்.

எந்த டஸ்டர்?

டீசலில் இரண்டு: 85 பி.எஸ், 110 பி.எஸ். முதலாவதற்கு 5 கியர், இரண்டாவதற்கு 6 கியர். காகிதத்தில் 110 கவர்ச்சியாகத் தெரியும். ஹைவேயில் அதன் ஓட்டமும் தனி சுகம்தான். ஆனால் டர்போ விழித்துக்கொள்ள ஏறத்தாழ 2,000 ஆர்.பி.எம் வரை காத்திருக்க வேண்டும். வடபழனி சிக்னலில் இது அலுப்புத் தட்டும். வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டி, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு 85 போதும். வாரா வாரம் சென்னை - திருநெல்வேலி ஓடுபவர் 110-ஐத் தேடலாம்.

2014-ல் வந்த ஏ.டபிள்யூ.டி. மாடல் ரசிகர்களின் செல்லம். நான்கு சக்கரமும் இழுக்கும். பின்பக்க சஸ்பென்ஷனும் வேறு, சொகுசும் அதிகம். கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கு அது அர்த்தமுள்ள வண்டி. மற்றவர்களுக்கு அது செலவு வைக்கக்கூடிய பாகங்களின் பட்டியலை நீட்டுவதுதான். 110 டீசலில் 2016-ல் வந்த ஏ.எம்.டி. கியர்பாக்ஸைப் பழைய வண்டியில் தவிர்ப்பது நல்லது. கிளட்சை இயக்கும் கருவி மக்கர் செய்தால் சின்ன ஊர் மெக்கானிக் கைவிரித்துவிடுவார். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் 1.5 பெட்ரோல் சி.வி.டி. மேல்.

கடைசியாக 2020 ஆகஸ்ட்டில் வந்த 1.3 டர்போ பெட்ரோல், 156 பி.எஸ் சக்தியோடு சீறும். ஓட்டிப் பார்த்தவர்கள் விட மனம் வராமல்தான் இறங்குவார்கள். ஆனால் விற்பனையானவை குறைவு. பெட்ரோல் டஸ்டர்கள் எல்லாமே எத்தனால் 20 சதவிகித பெட்ரோலுக்கான விதி வருவதற்கு முன் தயாரானவை. வயதான வண்டி என்றால் எரிபொருள் ஹோஸ்களையும் ரப்பர் சீல்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

விலைக்காக எந்தக் காரணத்தாலும் வளைந்து கொடுக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ஏர்பேக். 2017-ல் குளோபல் என்கேப் அமைப்பு டஸ்டரை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத வண்டி பெரியவர்கள் பாதுகாப்பில் வாங்கியது பூஜ்ஜியம் ஸ்டார். டிரைவர் ஏர்பேக் உள்ளது 3 ஸ்டார். ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய கீழ்நிலை வேரியன்ட்டுகளில் அது இல்லாமல் ஏராளமான வண்டிகள் சுற்றுகின்றன. 40,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று அதில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இக்னிஷன் போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் நின்றாலும் சந்தேகம்தான். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்களும் உண்டு.

வண்டி முன்னால் நிற்கும்போது

"ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள்போல! அந்த வசனத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துபோய், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நேரில் போய் நிற்க வேண்டும். பானெட்டில் கை வைத்தால் சூடாக இருக்கிறதா? அப்படியென்றால் வாங்குபவர் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் டீசல் வண்டியின் உண்மை தெரியும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காமல் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர் அல்லது டர்போ பக்கம் செலவு காத்திருக்கிறது.

அடுத்து டைமிங் பெல்ட். இந்த டீசல் இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை, ஒரு லட்சத்தைக்கூடத் தொடும் வேலை அது. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்பது கணக்கில்லை. பில் எங்கே? பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பதுதான் முறை.

மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். ஆர்.பி.எம் முள் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. கிளட்ச் பெடல் அழுத்தியபின் சரியாகத் திரும்பி வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இதன் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பதால், சின்னக் கசிவுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். கரடுமுரடான சாலையில் டஸ்டரைப்போலக் குலுங்காமல் போகும் வண்டி அந்த விலையில் அரிது. அதனாலேயே ஓட்டுபவர்கள் பள்ளத்தைப் பார்த்து பிரேக் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் டொக் டொக் என்றால் புஷ், லிங்க் ராடு செலவு. அது மலிவுதான், பேரத்துக்கு உதவும்.

மீட்டர் 60,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, டிரைவர் சீட் ஓரம் சரிந்திருக்கிறது என்றால் எதை நம்புவது? பெடலைத்தான். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணும் பேசும்: 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். கார்ப்பெட்டுக்கு அடியிலும், ஸ்டெப்னி குழியிலும், சீட் தண்டவாளத்திலும் துரு, வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

காகிதம்

எம்பரிவாஹன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் தேதி, சலான் விவரம் எல்லாம் வெளிவரும். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கமும் முடியாமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2013-ல் பதிவான டஸ்டரை இப்போது வாங்கினால் 2028-ல் எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய், அதற்குமேல் பசுமை வரி, வண்டியைத் தேற்றும் செலவு. அதனால் 2016-க்குப் பிந்தைய வண்டி நிம்மதி. தில்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு இருந்துவந்த கெடுபிடியால் அங்கிருந்து அடிமாட்டு விலைக்கு டஸ்டர்கள் தெற்கே வந்திருக்கின்றன. என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டிவரும்.

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு. சீட்டு எடுத்த பணமும் நகை வைத்த பணமும் சேர்த்து கையில் 5 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 4 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. டைமிங் பெல்ட், டயர் (215/65 ஆர்16, சின்ன கார் டயர் விலையில் கிடைக்காது), பேட்டரி, சஸ்பென்ஷன், பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் என முதல் ஆறு மாதத்திலேயே மீதி ஒரு லட்சத்துக்கு வேலை வந்துவிடலாம். ஐந்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, முதல் ரிப்பேருக்குக் கைமாத்து தேடும் வீட்டுக்கு இது சரிப்படாது. ரெனோ சர்வீஸ் சென்டர் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கும், வீட்டில் இருக்கும் ஒரே வண்டியை நம்பித் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும்கூட சித்தப்பா சொல்வதே சரி.

மற்றவர்களுக்கு, சர்வீஸ் பில்களோடு இருக்கும் ஏர்பேக் உள்ள 2016 - 2019 மேனுவல் டீசல் நல்ல வாங்கல். அதே இன்ஜின், அதே சேஸிஸ் கொண்ட நிஸான் டெரானோ இன்னும் குறைந்த விலைக்கு வந்தால் அதையும் பார்க்கலாம். பம்பர், லைட் கிடைப்பது அதற்கு இன்னும் கஷ்டம், அவ்வளவுதான்.

பேசி முடித்த பிறகு பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் வாங்குபவருக்கு வராது என்பதால் பிரீமியத்தில் வித்தியாசத் தொகை கேட்பார்கள். விற்றவரின் ஃபாஸ்டேகை அவரே மூடிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியை எடுக்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். இம்மொபிலைசர் சாவி என்பதால் தொலைந்தால் தெருமுனைப் பூட்டுக் கடையில் வேலை நடக்காது. இரண்டாவது சாவி இல்லை என்றால் அதற்கும் விலையில் குறைத்துக் கேட்கலாம்.