தழும்பின் சிறுமையும் தாமதத்தின் கொடுமையும்

குழந்தைகளின் கவட்டுக் குடலிறக்கத்தைச் சிறு துளைகளினூடே கமெராவைச் செலுத்திச் சீர்செய்வதே முற்போக்கு என்போர் நோயின் இயல்பை மறந்துவிடுகின்றனர். வளர்ந்தோரிடத்து இது பெரும்பாலும் தசைநலிவின் விளைவு. குழந்தையிடத்தோ பையாய் நீண்ட வயிற்றுட்சவ்வு பிறப்பையொட்டி மூடாமையின் விளைவு. ஆகவே பையின் கழுத்தைக் கட்டினாற் போதும், வலை வேண்டியதில்லை. அதற்குக் கவட்டு மடிப்பில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்க் கீறலே அமையும்.

மீண்டும் தோன்றிய குடலிறக்கத்தில் பழைய வடுவைத் தவிர்க்கக் கமெரா உதவும், மறுக்கவில்லை. மறுபுறத்தையும் அது காட்டும். ஆயின் திறந்திருக்கும் பையெல்லாம் குடலிறக்கமாவதில்லை. கண்டதையெல்லாம் கட்டுவது மருத்துவமாகுமா?

குடல் இறுகி நெரிபடும் அபாயம் முதலாண்டிலேயே மிகுதி. அதனைப் பெருக்குவது தழும்பின் அளவன்று, தாமதமே. கருவிக்காகக் காத்திருப்பதிலும் காலத்தே கட்டும் கைத்திறனே மேல்.