புகையில்லாத அடுக்களை



ஐப்பசி அடைமழையில் விறகு நனைந்துவிட்டால் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சமையலே பெரும் பாடு. அம்மா ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதித் தீ பிடிப்பதற்குள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிவார். அடுப்பென்றால் புகையத்தானே செய்யும் என்றிருந்தோம். ஏன் புகைய வேண்டும் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை 1905-லேயே ஒரு பெண் கேட்டார் என்பதும், அது அச்சேறியது நம் சென்னைப் பத்திரிகையில் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. வங்காளத்து ரோக்கியா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ கதையை வெளியிட்டது, கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பெண் எழுதிய, பறக்கும் வண்டிகளும் பெண்களின் ஆட்சியும் வருகிற கதைக்குப் பக்கம் ஒதுக்கிய அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கதையில் சுல்தானா, கனவில் காணும் நாட்டில் ஓர் அடுக்களைக்குள் நுழைகிறாள். சுற்றிலும் காய்கறித் தோட்டம். கொடிகளும் தக்காளிச் செடிகளுமே அலங்காரம். கரி இல்லை, புகைபோக்கி இல்லை. சூரிய வெப்பத்தைச் சேமித்துக் குழாய் வழியே கொண்டுவந்து சமைக்கிறார்கள். வானத்திலிருந்தே தண்ணீரை இறக்கிக்கொள்கிறார்கள். சமைப்பது ஆண்கள்!

இப்படி, வெயிலையும் காற்றையும் நம்பி, மண்ணைக் கெடுக்காமல் மனிதர்கள் கூடி வாழும் நாளைய உலகைச் சொல்லும் கதைகளை இன்று சோலார்பங்க் என்கிறார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு கதைத் தொகுப்பு பிரேசிலில் 2012-இல் வந்தது. பெயர்தான் புதிது.

வெள்ளம், வறட்சி, அழிவு என்று எச்சரிக்கும் கதைகளும் நமக்கு வேண்டும்தான். ஆனால் அவற்றை மூடி வைத்தபின் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ரோக்கியாவின் கதையில் கைக்கு எட்டுகிற முதல் படி ஒன்று இருக்கிறது. அந்த நாட்டு ராணி பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறாள். சூரியக் குழாய் அதற்கப்புறம்தான் வருகிறது. அந்த முதல் படியில் ரோக்கியா தானே காலெடுத்து வைத்தார். கணவர் இறந்த 1909-இல் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார். அங்கே நிலைக்கவில்லை. 1911-இல் கொல்கத்தாவில் எட்டே மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். பெண்களைத் திரைக்குள் வைக்கும் கோஷா முறைக்காகப் பள்ளி வண்டியைக் காற்றுப் புகாமல் மூடினார்கள். உள்ளே குழந்தைகள் மயங்கினார்கள். திரையைத் தளர்த்தியபோது கண்டனக் கடிதங்கள் வந்தன. கதையில் வானத்தில் வண்டி ஓட்டியவர் ஒரு வண்டித் திரைக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

கதையில் வந்த சூரியச் சமையலும் வெறும் கனவாக நின்றுவிடவில்லை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையலறையின் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழாமல் வானம் பார்த்துக் கிடக்கிறது. கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடத்தைத் தேடி அதன்மேல் இருக்கும் கொதிகலன்தான் நகரும். அதில் உண்டாகும் நீராவியில் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். மேகம் மூடிய நாளில் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். ராஜஸ்தானின் திலோனியாவில் எழுத்தறியாத பாட்டிமார்கள் ஆறே மாதத்தில், வயர்களின் நிறத்தை அடையாளம் வைத்தே, சோலார் விளக்கு செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ரோக்கியாவைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டிமார்களைப் பற்றிப் படித்தபோது, இவர்களை எங்கோ முன்பே பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பார்த்தது அந்தக் கதையில்தான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்னும் முப்பது வருடம் கழித்து உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு கதை எழுதி அனுப்புங்கள். கண்மாயில் தண்ணீர் நிற்கட்டும். ஆனால் யார் தூர்வாரினார்கள், கூலி எங்கிருந்து வந்தது, மடைச் சண்டை எப்படித் தீர்ந்தது என்பதையும் எழுதுங்கள். பேனல் பழுதானால் யார் ஏணி போட்டு ஏறுகிறார், மின்வெட்டு இருக்கிறதா, டவுன் பஸ் எதில் ஓடுகிறது என்று எழுதுங்கள். அடுப்படியில் நிற்பது யார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பொங்கல் இதழில் பத்துப் பக்கம் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்