விண்டோவை அடுக்கி வெச்சவனுக்குத்தான் வலி தெரியும்

பேங்க் ரிகன்சிலியேஷன் போட்டவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். இடது பக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப், வலது பக்கம் எக்சல்ல கேஷ் புக், கீழ் மூலையில கால்குலேட்டர். இப்படி அடுக்கினாத்தான் எந்த செக் இன்னும் கிளியர் ஆகலைன்னு கண்ணுக்குப் பிடிபடும். அடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். ஒரு ரீஸ்டார்ட்... அவ்ளோதான், எல்லாம் காலி.

"ஃபைல் போகலைல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேக்கற கூட்டத்தோடதான் என் சண்டை. மேஜை மேல விரிச்சு வெச்ச லெட்ஜர், பில், ரசீது எல்லாத்தையும் யாராவது ஒரே கட்டாக் கட்டி அலமாரியில வெச்சா, "ஒண்ணும் தொலையலையே"ன்னு சும்மா இருப்பீங்களா? அடுக்கினதும் வேலைதாங்க. பாதி கணக்கு அந்த அடுக்குலதான் இருக்கு.

"டெக்னிக்கலா கஷ்டம்"பாங்க. பாதி உண்மை. விண்டோ எங்கே, எந்த அளவுல இருக்குன்னு சிஸ்டத்துக்குத் தெரியும். உள்ளே எந்த ஃபைல், எத்தனையாவது பக்கம்ங்கறது அந்தந்த புரோகிராமுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கணும், அதான் சிக்கல். ஆனா பேசிக் காட்டியிருக்காங்களே! 2006ல வந்த ஃபயர்பாக்ஸ் 2, கிராஷ் ஆனாலும் டேப்களைத் திருப்பிக் கொடுத்துச்சு. 2011ல ஆப்பிள் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன்ல 'ரெஸ்யூம்' கொண்டு வந்தாங்க. புரோகிராம் ஒத்துழைச்சா, லாகின் பண்ணினதும் பழைய விண்டோக்கள் பழையபடி வந்து நிக்கும்.

விண்டோஸ்ல? 2024ல பவர்டாய்ஸ்ல 'வொர்க்ஸ்பேசஸ்' வந்துது. எந்த புரோகிராம் எங்கே இருந்ததுன்னு சேமிச்சு வெச்சு, கேட்டா அதே இடத்துல திறக்கும். சந்தோஷம்தான். ஆனா அதைத் தனியா இறக்கிப் போட்டுக்கணும், எந்த ஃபைலைத் திறக்கணும்னு நாமளே கட்டளை வரியில எழுதிக் கொடுக்கணும். பேரே 'விண்டோஸ்'னு வெச்சவங்க, விண்டோவை ஞாபகம் வெச்சுக்கறதை மட்டும் தனி டப்பால போட்டுக் கொடுக்கறாங்க பாருங்க!

லினக்ஸ் நண்பர்கள் சிரிக்க வேணாம். எக்ஸ்11 காலத்துலயே செஷனைச் சேமிக்க ஒரு நெறிமுறை இருந்துது. இப்ப வேலாண்ட்ல, திரையில தான் எங்கே இருக்கோம்னே ஒரு சாதாரண புரோகிராமுக்குத் தெரியாது. வேணும்னேதான் அப்படி வடிவமைச்சிருக்காங்க, காரணமும் நியாயமானதுதான். சரி, அப்ப அந்த ஞாபகத்தை கம்பாசிட்டர்தானே சுமக்கணும்?

"ஷட்டவுன் பண்ணாதே, ஹைபர்னேட் போடு"ன்னு ஒரு அறிவுரை வரும். கடையை மூடவே மூடலைன்னா பூட்டு எதுக்குங்கற மாதிரி இருக்கு. அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கேக்கறப்ப எங்கே போறது?

நான் கேக்கறது ஒரே ஒரு மெனு. 'இந்த அடுக்கைச் சேமி'. பேர் நான் வெச்சுக்கறேன்: ரிகன்சிலியேஷன், இன்கம்டாக்ஸ், படம் பாக்க. மூணாவதைத்தான் அதிகம் திறப்பேன், ஒத்துக்கறேன்.