சிறுபிள்ளைகளோடு யாழ்ப்பாணம் பார்க்க வருவோருக்கு

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விடும் காலமும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாக் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. 2009இல் போர் முடிந்த பின்னர் இந்த இரண்டு மாதங்களில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருவது வழமையாகிவிட்டது. தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் உறவினர் வீட்டில் தங்கி, தெரிந்தவரின் வானில் ஊர் பார்த்துத் திரும்பினர். இப்போது நிலைமை வேறு. அம்மம்மாவும் அப்பப்பாவும் காலமாகிவிட்டனர். வீடு பூட்டிக் கிடக்கிறது அல்லது விற்கப்பட்டுவிட்டது. ஆகவே வழிகாட்டியோடு கூடிய குழுச் சுற்றுலாக்களைப் பலரும் நாடுகின்றனர். இத்தகைய சுற்றுலாக்களில் பெரும்பாலானவை பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தாதவை என்பது எனது கருத்து. அதற்கான பழியில் பாதி ஏற்பாட்டாளர்களையும், மறுபாதி பெற்றோராகிய நம்மையும் சாரும்.

'இரண்டு நாட்களில் யாழ்ப்பாணம் முழுவதும்' என்று துண்டுப்பிரசுரங்கள் சொல்கின்றன. நல்லூர், கோட்டை, பொது நூலகம், கீரிமலை, நயினாதீவு, காரைநகர் கசூரினா கடற்கரை, பருத்தித்துறை, மணற்காடு என்று பட்டியல் நீள்கிறது. வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பருத்தித்துறை நகரிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் வடகிழக்கே இருக்கிறது. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் அதற்கு நேரெதிர்த் திசையில், வேலணையையும் புங்குடுதீவையும் தாண்டி, கடலை ஊடறுக்கும் தாம்போதிகளுக்கு அப்பால் இருக்கிறது. கீரிமலை வடகரையில். இவை மூன்றையும் ஒரே நாளில் அடக்கினால் பிள்ளை காண்பது யாழ்ப்பாணத்தை அன்று. வானின் யன்னற் கண்ணாடியைத்தான். கொழும்பிலிருந்து ஏழெட்டு மணி நேரம் வீதியால் வந்த களைப்பை இதில் நான் சேர்க்கவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நான் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. நடுப்பகல் வெயில். வரிசை நீளம். சோளகக் காற்றில் படகு தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை அழுகிறது, தாய் அதட்டுகிறாள், வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளை பின்னர் யாழ்ப்பாணம் என்றதும் எதை நினைக்கும்? பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு முதற்பயணம் தான் ஊரோடு ஏற்படும் முதல் உறவு. அது கசந்தால், வளர்ந்தபின் தாமாக அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. சுற்றுலாத் தேர்வைச் சிறு விடயமாக நான் கருதாததற்கு இதுவே காரணம்.

குழுச் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஒத்த வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் பெற்றோருக்குப் பாதிச் சுமை குறையும். மொழி தெரியாத பிள்ளைக்குக் கூட்டாளி கிடைப்பான். நல்ல வழிகாட்டி ஒருவருக்கான செலவைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். கேட்க வேண்டியதைக் கேட்டபின் பணத்தைக் கட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலாவது, ஒரு நாளைக்கு எத்தனை இடங்கள்? சிறுபிள்ளைகள் உள்ள குழுவுக்குக் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் போதும். பதினொரு மணிக்கும் மூன்றரை மணிக்கும் இடையில் பிள்ளைகள் நிழலில் இருக்க வேண்டும். திருவிழாக் காலத்தில் நல்லூரைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்கள் செல்ல முடியாது. செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நடக்க வேண்டும். நண்பகல் மணல் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். 25 நாள் திருவிழாவில் தேருக்கும் தீர்த்தத்துக்கும் வரும் சனத்திரளுக்குள் மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோவதிலும், முதல் வாரத்தில் ஒரு விடியற்காலைப் பூசைக்குக் கூட்டிச்செல்வது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, வாகனம். பின்னிருக்கைகளில் ஆசனப்பட்டி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பல வான்களில் அது இருக்கைக்குள் புதைந்து கிடக்கும். லண்டனிலும் ஒஸ்லோவிலும் குழந்தை இருக்கை இல்லாமல் காரை நகர்த்தாதவர்கள், கட்டுநாயக்காவில் இறங்கியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏ-9 வீதியில் பயணிக்கிறார்கள். குழந்தை இருக்கை இங்கே எளிதில் கிடைக்காது. கையோடு கொண்டுவருவதே உத்தமம். சென்னை வழியாக வருவோர் பலாலியையும் எண்ணிப்பார்க்கலாம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. நீண்ட வீதிப் பயணம் இதனால் மிச்சம்.

மூன்றாவது, படகு. பெரியவர்களுக்கான உயிர்காப்பு அங்கி சிறுபிள்ளையின் தலைவழியே கழன்றுபோகும். பிள்ளைகளின் அளவில் அங்கி உண்டா என்ற கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் தீவுப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். நயினாதீவுக்கான கடற்பயணம் குறுகியது. அதிகாலையில் போனால் சமாளிக்கலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்குள்ள குதிரைகளும் பெருக்க மரமும் பவளப்பாறைக் கல்லால் அடுக்கிய மதில்களும் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரவசப்படுத்தும். கைக்குழந்தைக்கு அது வெயிலும் வாந்தியும் மட்டுமே.

நான்காவது, தண்ணீர். இதனைப் பலரும் அறியார். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீரே நமக்கு ஆதாரம். தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பதை ஆய்வுகள் பலகாலமாகக் காட்டி வருகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கக் கூடாது. தங்குமிடத்தில் எந்தத் தண்ணீர் தருகிறார்கள் என்று ஏற்பாட்டாளர் சொல்ல வேண்டும். மலேரியா பற்றிய பழைய பயம் தேவையில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. டெங்கு அப்படியன்று. மாரி மழைக்குப் பின்னர், நத்தார் விடுமுறையில் வருவோர் பகலில் கடிக்கும் நுளம்புக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். வழியில் துப்புரவான மலசலகூடம் எங்கெங்கே உண்டு என்பதைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். நிகழ்ச்சிநிரலில் அதனைக் குறித்து வைத்திருக்கும் ஏற்பாட்டாளர் பிள்ளைகளை அறிந்தவர்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது, வழிகாட்டி. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வார், எப்படிச் சொல்வார் என்றும் விசாரியுங்கள். நமது ஊரைப் பொறுத்தவரை இது சாதாரணக் கேள்வி அல்ல.

பொது நூலகத்தின் முன்னால் நின்று 1981ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வெள்ளைக் கட்டடத்தைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு நகரும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். குறிகட்டுவானில் படகேறும்போது, 1985 மே 15இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை, காயம் காயமாக விவரித்து ஆறு வயதுப் பிள்ளையை இரவில் உறங்கவிடாமற் செய்வோரும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். அளவின்றிக் கொட்டுவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. 'இங்கே இருந்த ஏறத்தாழ 97,000 புத்தகங்களை எரித்தார்கள். ஊரும் உலகமும் சேர்ந்து மறுபடியும் புத்தகங்களை நிரப்பினார்கள்' என்று சொல்லி, நூலகத்தின் சிறுவர் பகுதியைக் காட்டினால் ஏழு வயதுக்கு அது போதும். மிகுதியைப் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளையே கேட்டு வரும். அப்படிக் கேட்க வைப்பதுதான் வழிகாட்டியின் வெற்றி. நூலகத்தில் பார்வையாளருக்கென ஒதுக்கிய நேரத்தை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறாரா என்பதும் அவரது அக்கறைக்கு ஓர் அளவுகோல்.

இனி, நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது. ஏற்பாட்டாளர் ஒருவரிடம் 'ஏன் இத்தனை இடங்களைத் திணிக்கிறீர்கள்?' என்று கேட்டேன். 'குறைத்தால் காசுக்குத் தக்கதாக இல்லை என்று சொல்கிறார்கள்' என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நாற்பது ஆண்டு ஏக்கத்தைத் தீர்க்க வருபவர் பெற்றோர். பிள்ளைக்கு அந்த ஏக்கம் கிடையாது. பிள்ளைக்கு வேண்டியது வேறு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது ஏன் என்று அது கேட்கும். கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைத் தொட்டுப் பார்க்க விரும்பும். பனம்பழம் பிசைந்து பனாட்டுப் போடும் முற்றத்தில் ஒரு மணி நேரம் நிற்கும். ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடும். நல்லூரில் ஐஸ்கிரீம் குடிக்கும். இவற்றுக்கு இடம் விடாத நிகழ்ச்சிநிரல் எவ்வளவு மலிவானதாயினும் நட்டமே.

ஆகவே, நாற்பது இருக்கை பஸ்ஸை விட்டு, நான்கைந்து குடும்பங்கள் கொண்ட சிறு குழுவைத் தேடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் உள்ள பட்டியலை வெட்டச் சொல்லுங்கள். ஓர் அரை நாளையேனும் எதுவும் குறிக்காமல் விடச் சொல்லுங்கள். அதனை ஏற்க மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் ஏற்பாட்டாளர்கள் தாமாக மாறுவார்கள். பார்க்காமல் விட்ட இடங்களை மறுமுறை பார்த்துக்கொள்ளலாம். மறுமுறை ஒன்று வேண்டும் என்று பிள்ளை விரும்பினால் அதுவே இந்தப் பயணத்தின் பயன்.