14,707 ஏக்கர்: யாரும் கழிக்காத கணக்கு

வழக்கமாக ஜூன் மாதம் தேக்கடி மதகில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டு மலர் தூவுவார்கள். மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வரும்: லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசன வசதி பெறும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் 14,707தான். இன்றைக்கும் 14,707தான். இடையில் எத்தனை வயலில் மனைக்கல் ஊன்றினார்கள் என்பதை யாரும் கழிப்பதில்லை. தேனியிலிருந்து கம்பம் சாலையில் பேருந்தில் போய்ப் பாருங்கள். தேனி எங்கே முடிகிறது, பழனிசெட்டிபட்டி எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீரபாண்டியைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் பச்சையே படுகிறது. அங்கும் வரப்புக்கு நடுவில் கொடி கட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நிற்கிறது.

என் அம்மா நடவு செட்டில் முப்பது வருடம் நட்டவர். எந்த வயலில் சேறு இடுப்பு வரை இழுக்கும், எந்த முதலாளி கூலியை ஒரு வாரம் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சின்னமனூர்ப் பக்கம் அவர் நட்ட வயல் ஒன்று இப்போது மனைப்பிரிவு. பேருந்தில் அந்த வழியே போகும்போது, "யப்பா, அந்தத் தண்ணித்தொட்டி நிக்கிது பாரு, அங்க ஒரு நாளைக்கு ரெண்டு குழி நட்டுருக்கேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

நஞ்சை அழிகிறதே என்று முகநூலில் கண்ணீர் விடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கண்ணீரில் என் அம்மா இல்லை. நிலத்தை விற்றவருக்குப் பணம் வந்தது. தரகருக்குக் கமிஷன் வந்தது. பத்திரப்பதிவில் அரசுக்கு வருமானம் வந்தது. வருடத்துக்கு இரண்டு போகம் அந்த வயலை நம்பிய நடவு ஆள், களை எடுத்த ஆள், கதிர் அறுத்த ஆள் ஆகியோருக்கு என்ன வந்தது? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அரசு கையகப்படுத்தினால்தான் அந்தச் சட்டம். தனியார் மனைபோட்டால் அந்தக் கூலியைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் குறுக்கே வருவார்கள். 'கிராமத்தை விட்டு வெளியேறு என்றுதானே அம்பேத்கர் சொன்னார்? நகரம் வளர்ந்தால் நமக்கு நல்லதுதானே? சேற்றில் இறங்கி நட்டது போதாதா?' நியாயமான கேள்வி. என் அம்மாவே நான் நடவுக்குப் போகக்கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தார். நான் வயலைக் காக்க வந்தவனல்ல, நகரம் வேண்டும் என்கிறவன். பக்கத்து வீட்டுக்காரன் எந்தத் தெரு என்று கேட்காத, ஒரே பேருந்தில் ஒரே தெருவில் ஒரே குழாயில் எல்லோரும் நெருங்கி வாழ்கிற நகரம். கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது வளர்வது அது அல்ல. ஊரும் சேரியும் அப்படியே நெடுஞ்சாலையோரம் நீண்டு, விலை மட்டும் நகர விலையாக ஏறுகிறது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் தேனியில் வேலை பார்க்கிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும் ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போனேன். தரகர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினார். "ரயிலு வந்துருச்சு தம்பி, இனி விலை நிக்காது" என்றார். மதுரையிலிருந்து அகலப்பாதை ரயில் 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்தது உண்மைதான். அப்புறம் சொந்த ஊர் கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "இதுல எல்லாம் புக்கிங் ஆயிருச்சு தம்பி, வேற சைட்டு இருக்கு, காட்டுறேன்" என்றார். ஐந்து நிமிடம் முன்பு அவரே எண்ணிக் காட்டிய காலி மனைகள் அங்கேயே கிடந்தன. சாதிச் சான்றிதழ் கேட்கும் அலுவலகத்தில்கூட இவ்வளவு நாசூக்கு கிடையாது.

மனை கிடைக்காதது சின்ன விஷயம். எங்கள் சேரியிலிருந்து மயானத்துக்கு வரப்பு வழியாகத்தான் பிணம் கொண்டுபோவோம். தாத்தாவையும் அந்த வழியேதான் தூக்கிப்போனோம். அந்த வயல் மனைப்பிரிவானது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் எங்கள் பாதை இல்லை, ஏனென்றால் புல வரைபடத்தில் அது என்றைக்கும் ஏறியதில்லை. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை எங்கள் தெருவை ஒட்டிப் போட்டார்கள். பூங்கா வரவில்லை, சுவர் வந்தது. மனைக்காரர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு காலியிடம், அப்புறம் ஒரு சுவர். எல்லாம் விதிப்படி.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் இருந்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடித்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை சுவர் சரிந்து 17 தலித் மக்கள் செத்தார்கள். அந்தச் சுவர்களுக்காவது பெயர் இருந்தது. மனைப்பிரிவின் சுவருக்குப் பெயர் இல்லை, ஒப்புதல் எண் இருக்கிறது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விளைநிலத்தை மாற்ற 2017இல் தனி விதிகள் வந்தன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? நாலைந்து வருடம் தரிசாகப் போடு, வாய்க்காலைத் தூர்த்துவிடு, அப்புறம் 'விவசாயத்துக்கு லாயக்கில்லை' என்று எழுதிக் கொடு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. பணம் கட்டினால் பழையதெல்லாம் சரி. ஏழைகளும் அதில் மனை வாங்கியிருந்தார்கள், அவர்களைத் தெருவில் விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயலை வெட்டி விற்றவர்?

சேரியில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது, வீட்டுமனை கொடுங்கள் என்று போனால் 'புறம்போக்கு நிலம் இல்லை' என்பார்கள். பெரியகுளம் வட்டத்தில் வடவீரநாயக்கன்பட்டி, தாமரைக்குளம், கெங்குவார்பட்டி ஆகிய ஊர்களில் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயருக்குப் பட்டா மாறியதாக 2021இல் அம்பலமானது. அதிகாரிகள் பணியிடை நீக்கம் ஆனார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இல்லாத நிலம் எப்படி 182 ஏக்கர் காணாமல்போகும்? 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் தேடி 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டார்கள். நிலம் இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

அப்படியே மனை தந்தாலும் எங்கே தருகிறார்கள்? ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் போட்டார்கள். எடுத்த நிலம் பெரும்பாலும் ஊரை விட்டு இன்னும் தள்ளி. சென்னைக்காரர்களைக் கேளுங்கள், கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் எப்படி உருவாயின என்று சொல்வார்கள். நகரத்தின் நடுவில் இருந்த மக்களைத் தூக்கி விளிம்பில் போட்டதும் நகரப் பரவல்தான். அதைச் செய்தது ரியல் எஸ்டேட்காரன் அல்ல, அரசு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்றோம். காலனி இருக்கும் இடத்தை எப்போது மாற்றுவார்கள்?

எனவே பரவலை நிறுத்து என்பதைப் பசுமைக்காரர்களின் கோரிக்கையாக விட்டுவிடக்கூடாது, அது நம் கோரிக்கை. ஆனால் எல்லைக்கோடு போட்டால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் நகரங்களைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டார்கள், பரவல் நின்றது. உள்ளே போதிய வீடு கட்டாததால் விலை எகிறி, இடம் வைத்திருந்தவன் கொழுத்தான். இங்கே கோடு மட்டும் போட்டால் ஊருக்குள் மனை வைத்திருக்கும் ஆதிக்கச் சாதிக்குத்தான் யோகம்.

முதலில் 14,707ஐ உண்மையாக அளக்க வேண்டும், சர்வே எண் வாரியாக. மிச்சம் இருக்கும் ஆயக்கட்டில் இனி ஆட்சியர் இசைவு கிடையாது என்று அரசாணை வேண்டும். குமுளியைத் தாண்டினால் கேரளத்தில் 2008 முதல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2018இல் அதில் ஓட்டை போட்டார்கள், ஆனாலும் சட்டம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது 2020இன் வேளாண் மண்டலச் சட்டம். அது காவிரி டெல்டாவுக்கு, அதுவும் எண்ணெய் எடுப்பது போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது, மனைப்பிரிவை அல்ல.

இருக்கும் நகரத்தை நிரப்ப வேண்டும். தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் விலை ஏறட்டும் என்று முள்வேலி போட்டுக் கிடக்கும் மனைகளுக்குக் காலிமனை வரியை வலிக்கிற அளவுக்கு ஏற்று. அந்தப் பணத்தில் பேருந்து நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நடந்துபோகிற தூரத்தில் வாடகை வீடு கட்டு. பெரிய மனைப்பிரிவுகளில் நலிவுற்றோருக்கென்று 10 விழுக்காடு மனை ஒதுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மனைகள் யாருக்குப் போயின என்ற பட்டியலை வெளியே வை. திட்ட வரைபடத்தைச் சேரியிலிருந்து தொடங்கு. தெரு, சாக்கடை, மயானப் பாதை முதலில், புறவழிச்சாலை அப்புறம்.

இன்னொன்று. தேனி மாவட்டத்தில் 22 பேரூராட்சிகள். வயலில் கூலி வேலை செய்கிறவர் பேரூராட்சியில் குடியிருந்தால் காகிதத்தில் அவர் நகரவாசி. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. ஊராட்சிகளை நகரத்தோடு இணைக்கிறார்கள் என்றதும் பெண்கள் மறியல் செய்தது 'வளர்ச்சி புரியாததால்' அல்ல. வயலும் போய், நூறு நாளும் போய், சொத்துவரி மட்டும் வருகிற வளர்ச்சியை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

மயானப் பாதைக்கு நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம், மூன்று முறை. பாதை இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். எந்தெந்த ஆண்டில் யார் யாரை அந்த வரப்பு வழியே தூக்கிப்போனோம் என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பத்தொரு பெயர் வந்திருக்கிறது. அம்மா இன்னும் சிலரை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.