எழுத்துருவும் பொய் முகச்சீட்டும்

"கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாற் போதாதா?" என வினவுவோர் இன்றும் உளர். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரைகளை அவ்வாறே வலையில் ஏற்றிவிட்டுத் தமிழ்த்தொண்டு நிறைவேறியதென மகிழ்வோரின் வாதம் இது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற சித்தாண்டியின் பெயரையே எடுத்துக்கொண்டு இவ்வாதத்தை ஆராயலாம்.

வலையிற் செல்லும் கோப்பு எதுவும் வெறுங்கையுடன் செல்வதில்லை. அதனை அனுப்பும் வழங்கிக் கணினி அதன்மேல் ஒரு முகச்சீட்டை ஒட்டி அனுப்புகிறது. நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர் மின்னஞ்சலுக்கென 1992இல் வகுத்த முறை இது. பின்னர் வலையும் இதனை ஏற்றுக்கொண்டது. சீட்டிலுள்ள சாய்கோட்டுக்கு முன்னே பேரினம் நிற்கும்: உரை, படம், ஒலி, காணொளி என்பன போல. பின்னே அதன் உட்பிரிவு வரும். உரையாயின், அது எக்குறிமுறையில் எழுதப்பட்டது என்பதையும் சீட்டிலேயே சொல்லலாம். உலாவி நம்புவது பெரும்பாலும் இச்சீட்டையே; கோப்புப் பெயரின் ஈற்றை அன்று. சீட்டு இல்லாவிடத்து அது ஊகிக்கும். ஊகம் பிழைப்பதும் உண்டு.

இனி, பாமினியில் 'சித்தாண்டி' எனத் தட்டெழுதினாற் கோப்பிற் பதிவாவது யாது? ஆர், பி, ஜே எனத் தொடங்கி, நடுவே இரண்டு அரைப்புள்ளிகளைத் தாங்கிய ஒன்பது குறிகள்! அவற்றுள் ஒன்றேனும் தமிழ் அன்று. சீட்டும் றோமன் உரை என்றே கூறும். எழுத்துருவாகிய முகமூடி கழன்றதும் ஊர் மறைந்துவிடுகிறது. சித்தாண்டியைத் தமிழில் தேடும் மாணவனுக்கு அக்கட்டுரை அகப்படாது. பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோ ஆங்கில எழுத்துக்களை உளறும். கண்ணுக்குத் தெரிந்தாற் போதும் என்போர் கண்ணில்லாதாரை எங்கே வைத்தனர்?

உண்மைச் சீட்டு ஒட்ட விரும்புவோர்க்கும் இங்கு வழியில்லை. குறிமுறைகளுக்கான பன்னாட்டுப் பதிவேட்டில் திஸ்கி 2007இல் இடம்பெற்றது. பாமினிக்கு அதிற் பெயரே இல்லை. பெயரற்றதை எவ்வாறு அறிவிப்பது?

"அப்படியாயிற் பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றுவோம்" என்பது மற்றொரு சாரார் கூற்று. படம் என்னும் சீட்டு பொய்யன்று. ஆயின் தேடலுக்கும் மேற்கோளுக்கும் உதவவேண்டிய உரையைத் தாமே புள்ளிகளாக உடைத்துவிட்டு, அதனை மீட்கும் வேலையைப் பின்வருவோர் தலையிற் சுமத்துவது எவ்வகை நியாயம்? பழைய ஏடுகளுக்கு வேறு வழியில்லை என்பது உண்மை. நேற்றுக் கணினியில் எழுதியதற்கும் அதுவே கதியா?

யூனிகோட் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. இலங்கையும் 2008இல் அதனைத் தழுவித் தமிழுக்கெனத் தேசியத் தரமொன்றை வகுத்தது. பாமினியிலிருந்து மாற்றித்தரும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்று மட்டும் கவனித்தல் வேண்டும்: இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் வரின், அதனையும் பாமினியென மயங்கிக் கருவி தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆதலின் மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தே ஏற்றுதல் வேண்டும். அச்சுக்கு இருமுறை மெய்ப்புப் பார்க்கும் மலர்க்குழுவினர் வலைக்கு மூன்றாம் முறை பார்க்க மறுப்பதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர்கள்.